சித்தியும் எதிர்ச்சாரி ஸ்டுடியோவும்

எங்கள் சித்திக்கு இந்த உலகத்தில் பகை இரண்டுதான். ஒன்று, கை காலில் பூசுகிற லோஷன். இன்னொன்று, எதிர்ச்சாரியில் இருக்கிற ஸ்டுடியோ.

லோஷன்மேல் பகை வந்த காரணத்தைச் சட்டென்று சொல்லிவிடலாம். சித்தி கம்ப நடனம், அதாவது 'போல் டான்ஸ்', சொல்லிக்கொடுக்கிறவள். தரைக்கும் கூரைக்கும் நடுவே நிறுத்திய எஃகுக் கம்பத்தைக் கையாலும் முழங்கால் மடிப்பாலும் தொடையாலும் பிடித்து ஏறி, தொங்கி, தலைகீழாகிற உடற்பயிற்சி அது. வெறும் தோல்தான் பிடிமானம். அதனால்தான் அரைக்கால் சட்டை. ஒருத்தி லோஷன் பூசிய காலோடு ஏறிவிட்டால் அப்புறம் அந்தக் கம்பம் விலாங்கு மீன்தான், ஸ்பிரிட் போட்டு எத்தனை தடவை துடைத்தாலும். அதனால் சித்தி வாசலிலேயே நின்று வருகிறவர்களை மோந்து பார்ப்பாள். "ரோஜா வாசம் யாருகிட்ட இருந்து வருது? போம்மா, சோப்பு போட்டுக் கழுவிட்டு வா. இது கல்யாண வீடு இல்ல."

எதிர்ச்சாரிப் பகை அவ்வளவு சுலபத்தில் சொல்லி முடிகிற விஷயமில்லை. இந்தக் கதையில் நானும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளவில்லை என்பதால் எனக்கு இன்னும் கஷ்டம்.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. பதினோரு வருஷம் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். ஆவியில் முகம் வெந்து, தோள்பட்டை தேய்ந்து, அந்த வேலையை விட்டபிறகு ஒரு ஜிம்மில் அதிகாலையில் தரை துடைக்கப் போனாள். அங்கே மூலையில் ஒரு கம்பம் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் யாரோ வந்து வகுப்பு எடுப்பார்கள். மற்ற நாட்களில் அது சும்மா நிற்கும். ஒருநாள் துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டுச் சித்தி அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். "நாலு எண்ணுறவரைக்கும் தொங்கினேன். அஞ்சுன்னு சொல்றப்போ வாளிக்குள்ள இருந்தேன்" என்பாள்.

பயிற்சியாளர் சான்றிதழுக்கு நூற்று நாற்பது பக்க ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் படிக்க வேண்டியிருந்தது. சித்தி எட்டாம் வகுப்பு. நான் அப்போது பத்தாவது. அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக நான் படித்துச் சொல்வேன். சொல்லச் சொல்ல அவள் அந்தந்தத் தசையைத் தன் உடம்பில் தொட்டுக் காட்டுவாள். அந்தத் தேர்வில் அவள் வாங்கிய மதிப்பெண்ணைப் பட்டப்படிப்பில் எந்தத் தாளிலும் நான் வாங்கியதில்லை. அம்மா மட்டும் சமாதானம் ஆகவில்லை. "கம்பத்துல ஏறி ஆயிரம் வித்தை காட்டினாலும் கீழ இறங்கித்தான் கை நீட்டணும்" என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

ஸ்டுடியோ ஒரு டயர்க்கடைக்கு மேல், முதல் மாடியில். நான்கு கம்பங்கள். ஒன்பதரை அடிக் கூரை. நான் புள்ளியியல் படித்து முடித்து, எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகி, பதினான்கு மாதமாக வேலை தேடிக்கொண்டே அங்கே வாசல் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வகுப்பு நேரம் சொல்வது, போனை எடுப்பது, வீடியோ எடுத்துப் போடுவது என் வேலை. எல்லோரும் என்னைக் கூப்பிடுகிற பெயர் "டிகிரி". கேலியா மரியாதையா என்று இதுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை.

எதிர்ச்சாரி ஸ்டுடியோவை நடத்துகிறவளும் எங்கள் படிக்கட்டில் ஏறி வந்தவள்தான். கண்ணாடிக்கடையில் வேலை பார்த்தாள். சித்தி கையைத் தூக்கினால் அவளும் தூக்குவாள், சித்தி தண்ணீர் குடித்தால் அவளும் குடிப்பாள். வகுப்பில் அவளுக்கு "நிழல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மூன்று வருஷத்தில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு வந்தாள். அப்புறம்தான் தகராறு. சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவர்களைச் சித்தி தலைகீழாக விடமாட்டாள். "கைக்கு பலம் வரட்டும், அப்புறம் பாக்கலாம்." நிழலுக்கு அந்த நிதானம் ஆகவில்லை. "அக்கா, நீங்க பாக்கலாம் பாக்கலாம்னே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவீங்க" என்றாள். சித்தி "அப்போ நீயே ஒண்ணு திற" என்றாள்.

திறந்துவிட்டாள். தெருவுக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய மரச்சாமான் கடையில். பன்னிரண்டடிக் கூரை, ஆறு கம்பங்கள். எங்களிடமிருந்து பதினோரு பேர் தெருவைத் தாண்டினார்கள்.

போன வருஷப் போட்டியில் அவர்களில் மூன்று பேர் மேடை ஏறினார்கள். மேடையில் ஒருவரை அழைக்கும்போது அவருடைய ஸ்டுடியோவின் பெயரையும் மைக்கில் சொல்வார்கள். மூன்று முறையும் நிழலின் ஸ்டுடியோ பெயர் ஒலித்தது. சித்தி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "மூணு பேருக்கும் முதல் தலைகீழ் நான் சொல்லிக்குடுத்ததுடி" என்றாள். அவளுடைய தோளை வைத்துக்கொண்டு அவளால் மேடை ஏற முடியாது. ஆனால் தன் மாணவி ஒருத்தி மேடையில் நிற்கும்போது தன் ஸ்டுடியோ பெயரை மைக்கில் ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும். அன்றையிலிருந்து அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அந்த ஆசைக்கு ஒரு உருவம் கிடைத்தது. டிரைவரக்கா. நாற்பத்தேழு வயது, நகரப் பேருந்து ஓட்டுகிறவர். பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தே ஓட்டி முதுகு பிடித்துக்கொண்டதால் சித்தியிடம் வந்தவர். ஸ்டீயரிங் பிடித்த கை கம்பத்தைப் பிடித்தால் விடாது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பிரிவில் நிற்க வேண்டும் என்று அவரே கேட்டார். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு, கம்பத்தைத் துடைக்கிற மாதிரி நடித்தாள்.

சிக்கல் கூரையில் இருந்தது. டிரைவரக்காவின் ஆட்டத்தில் உச்சியிலிருந்து சர்ரென்று வழுக்கி வந்து தரைக்கு ஒரு முழம் மேலே நிற்கிற இடம் ஒன்று உண்டு. அதற்கு ஒன்பதரை அடி போதாது. அதனால் செவ்வாயும் வெள்ளியும் அவர் எதிர்ச்சாரிக்குப் போய்ப் பழகினார். சித்திக்குத் தெரியும். தெரியாத மாதிரி, "அக்காவுக்கு செவ்வாய்க்கிழமை ட்யூட்டி" என்பாள். நிழலுக்கும் தெரியும், அவர் இன்னும் எங்களிடம் வருகிறார் என்று. "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்" என்று டிரைவரக்கா தன்னைத்தானே சொல்லிச் சிரிப்பார். எது ஆறு, எது சேறு என்று மட்டும் சொல்லமாட்டார்.

இரண்டு இடத்திலும் ஒரே அசைவுக்கு வேறு வேறு பெயர். இங்கே "கொக்கி" என்பது அங்கே "பிறை". அங்கே போய்க் கொக்கி என்று சொன்னால் பத்து தண்டால். இங்கே வந்து பிறை என்றால் சித்திக்குக் காது கேட்காது. யாரோ எங்கள் ஸ்டுடியோவுக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, "குளியலறைத் தாழ்ப்பாள் சரியில்லை" என்று எழுதினார்கள். தாழ்ப்பாள் நிஜமாகவே சரியில்லை. ஆனால் சித்தி தாழ்ப்பாளை விட்டுவிட்டு, எழுதியது யார் என்று ஒரு வாரம் துப்பறிந்தாள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு மண்டை காயும். அதே நேரம், அவர்களுடைய ஒவ்வொரு பதிவுக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்ததும் நான்தான்.

இனி அந்தத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒரு திருகு இருக்கிறது. அதை இறுக்கினால் கம்பம் அசையாது. தளர்த்தினால் நம்மோடு சேர்ந்து சுழலும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் கம்பத்தைச் சுழலவிட்டிருந்தால் அடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவது சித்தியின் வழக்கம். சிவப்பு என்றால் ஆபத்து, சுற்றும், ஜாக்கிரதை. நிழல் தனியாகப் போனதும் அதை மாற்றினாள். அவள் இடத்தில் சிவப்பு என்றால் நில், சுற்றாது. வீம்புக்கு மாற்றினாள் என்று சித்தி சொன்னாள். புத்தியோடு மாற்றினேன் என்று அவள் சொன்னாள். இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருந்தது. என் எரிச்சலே அதுதான்.

எது எப்படி இருந்தாலும் சித்தியிடம் ஒரு சட்டம் உண்டு. ஏறுவதற்கு முன் கம்பத்தை ஒரு தள்ளு தள்ளிப் பார்க்க வேண்டும். துணியை நம்பாதே, கையை நம்பு.

போட்டிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. ஒரு சனிக்கிழமை மதியம், முதல் ஷிப்ட் முடித்துவிட்டு டிரைவரக்கா வந்தார். சித்தி உள்ளறையில் புதிதாக வந்த இருவருக்குத் தோள் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். எதிர்ச்சாரியில் அன்று காலை ஒரு வீடியோ போட்டிருந்தார்கள், டிரைவரக்கா அங்கே பழகுவதை. நானூறு பேர் பார்த்துவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேற்குச் சன்னலில் நல்ல வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

"அக்கா, சீக்கிரம் ஒரு வீடியோ. மூணாவது கம்பத்துல. வெளிச்சம் போயிடும்."

"பொறு டிகிரி, மூச்சு விட்டுக்கறேன்."

அவர் மூன்றாவது கம்பத்துக்கு வந்தார். அடியில் சிவப்புத் துணி இருந்தது. தள்ளிப் பார்ப்பதற்காகக் கையை நீட்டினார். நான் போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

"தள்ளிப் பாக்காதீங்கக்கா, வீடியோல அசிங்கமா இருக்கும். நடந்து வந்து நேரா ஏறுங்க."

அவர் சிரித்தார். நடந்து வந்தார். ஏறினார். வலது கையில் முழு எடையையும் கொடுத்துத் தலைகீழாகத் திரும்பினார். நிற்கும் என்று அவர் நம்பிய கம்பம் சுழன்றது. மூன்று வாரமாக அவர் கண்ணுக்குச் சிவப்பு என்றால் சுற்றாது. அதற்கு முன் பன்னிரண்டு வருஷமாகச் சாலையிலும் சிவப்பு என்றால் நில்தான். கை வழுக்கி, கீழே விரித்திருந்த மெத்தையின் விளிம்பில் வலது கையை ஊன்றி விழுந்தார்.

கீழேயிருந்து டயர்க்கடைக்காரர் வழக்கம்போலக் கத்தினார். "மேல எல்லாரும் உயிரோட இருக்கீங்களா?"

சித்தி உள்ளறையிலிருந்து ஓடி வந்தாள்.

எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு சுளுக்கு, பத்து நாள் ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது என்றார் டாக்டர். சித்தி ஆட்டோவில் டிரைவரக்காவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டே வந்தாள். அவரை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போதே ஆரம்பித்துவிட்டாள். "அவ துணியை மாத்தினதால வந்த வினை. பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னேன்."

நான் ஆட்டோ மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் எதிர்ச்சாரியிலிருந்து பதிவு வந்தது. சிவப்புத் துணியின் படம் ஒன்று. கீழே, "பாதுகாப்பான இடத்தில் பயிலுங்கள்." சித்தி போனை என் மேசையில் வைத்தாள். "எழுதுடி. நல்லா உறைக்கிற மாதிரி எழுது. படிச்சவதானே நீ."

எழுதினேன். பல வருஷமாக நடைமுறையில் இருந்த ஒரு அடையாளத்தை ஒருவர் தன் விருப்பத்துக்கு மாற்றும்போது அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று ஆரம்பித்து, ஆறு வரி. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பிடித்தது. கல்லூரியில் நான் எழுதிய எதையும் இருநூறு பேர் படித்ததில்லை. ஒரு மணி நேரம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் அதைத் திரும்பப் படித்தேன். நான் எழுதியதில் பொய் என்று ஒரு வரிகூட இல்லை. நான் செய்தது மட்டும் அதில் இல்லை. உண்மையான வரிகளை அடுக்கி இப்படி ஒளிந்துகொள்ளத்தான் பதினைந்து வருஷம் படித்தேனா?

பரிகாரம் தேடுகிறவள்போல ஒரு யோசனையைக் கொண்டுபோனேன். "சித்தி, துணியே வேண்டாம். ஒரு அட்டையில 'சுற்றும்', 'சுற்றாது'ன்னு எழுதி மாட்டிடலாம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி."

"அட்டை மாட்டினா என் தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"யாரு தப்புன்னு இப்போ யாரு கேட்டா? இன்னொருத்தர் விழக் கூடாதுன்னுதானே?"

"அவ மாட்டட்டும், நான் மாட்டுறேன்."

சரி என்று அன்று மாலையே தெருவைத் தாண்டினேன். அந்த ஹாலுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. நிழல் ஏணிமேல் நின்று கம்பத்தின் உச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டிகிரி மேடம். உளவு பாக்கவா, அட்மிஷனுக்கா?"

"பேசணும்க்கா. துணி விஷயமா."

"பேசிட்டியே, ஆறு வரி. இருநூறு லைக் வேற." ஏணியிலிருந்து இறங்கினாள். "சிவப்புன்னா உலகம் பூரா நில்லு. உங்க சித்திக்கு மட்டும்தான் சிவப்புன்னா சுத்து."

"அவங்களுக்கு சிவப்புன்னா ஆபத்து."

"அவ்ளோ ஆபத்துன்னா ஏன் கம்பத்துல கட்டுறாங்க? அவங்க வாயில கட்டச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அட்டை யோசனையைச் சொன்னேன். அவள் துணியை உதறி மடித்தாள். "நான் மாட்டினா, பாத்தியா பயந்துட்டாள்னு சொல்லுவாங்க. முதல்ல அவங்க மாட்டட்டும்."

"அவங்களும் இதையேதான் சொன்னாங்க."

"சொல்லுவாங்க. நான் அவங்ககிட்டதானே கத்துக்கிட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் எங்கள் படிக்கட்டு தெரிகிறது. "இங்க திறந்த அன்னைக்கு முன்வரிசையில ஒரு நாற்காலி போட்டு வெச்சிருந்தேன், டிகிரி. சாயங்காலம்வரைக்கும் யாரையும் அதுல உக்கார விடல. ரோட்டைத் தாண்ட எவ்ளோ நேரம் ஆகும்? அரை நிமிஷம்?"

இதை நான் சித்தியிடம் சொன்னேன். சித்தி, "பத்திரிகை வெச்சாளா?" என்று மட்டும் கேட்டாள்.

போட்டிக்கு விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளுக்கு முதல் நாள், படிவத்தை எடுத்துக்கொண்டு பேருந்துப் பணிமனையின் ஓய்வறைக்குப் போனேன். டிரைவரக்கா கட்டுப் போட்ட கையோடு அங்கே உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். பத்து நாளும் அவருக்கு அந்த வேலைதான். எழுத முடியாது என்பதால் நான் நிரப்பினேன். பத்து வயதிலிருந்தே எங்கள் வீட்டுப் படிவங்களை நிரப்புவது என் பொறுப்பு. மற்றவர்கள் சொல்வார்கள், நான் எழுதுவேன். காலையில் சித்தி சொல்லியனுப்பியிருந்தாள். "ஸ்டுடியோ பேரைத் தெளிவா, பெருசா எழுது. மைக்ல படிக்கிறவனுக்கு நாக்கு சுளுக்கக் கூடாது."

பெயர், வயது, எடை, ஆட்டத்தின் நேரம். அடுத்த கட்டம், பயிற்சிக்கூடம்.

"அதைக் காலியா விடு" என்றார் டிரைவரக்கா.

"அக்கா, சித்தி..."

"உங்க சித்திதான் என் டீச்சர், அதுல மாத்தமில்ல. ஆனா அவங்க பேரை எழுதினா அந்தப் பொண்ணு அழும். அந்தப் பொண்ணு பேரை எழுதினா உங்க சித்தி அழமாட்டாங்க, ஊரையே அழவெப்பாங்க. நான் தினம் ஆயிரம் பேர் சண்டையைக் கேக்கறேன். சில்லறைக்குச் சண்டை, சீட்டுக்குச் சண்டை, ஜன்னலைத் திறக்கச் சண்டை, மூடச் சண்டை. அதெல்லாம் முடிஞ்சு ஒரு மணி நேரம் நிம்மதியாத் தொங்கலாம்னு வந்தா, இங்கயும் அதே வண்டி."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "அக்கா, அன்னைக்கு நான் சொன்னதை ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"எதை?"

"தள்ளிப் பாக்காதீங்கன்னு சொன்னதை."

"சொன்னா உன்னையும் நடுவுல போட்டு இழுப்பாங்க." அவர் ஒரு டிரைவருக்கு டோக்கன் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எனக்கென்ன சின்ன வயசா? கண்டக்டர் விசில் அடிச்சாலும் கண்ணாடியை ஒருதரம் பாத்துட்டுத்தான் வண்டியை எடுப்பேன். அன்னைக்கு ஏனோ உன் விசிலை நம்பிட்டேன். விடு."

விடு என்று சொன்னதுதான் வலித்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கட்டத்தைக் காலியாக விட்டேன். டிரைவரக்கா சொன்னதால் விட்டேனா, நான் செய்ததற்கு ஈடாக விட்டேனா, இரண்டு பேர்மேலும் இருந்த எரிச்சலில் விட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சித்தி "எழுதிட்டியா?" என்று கேட்டபோது, "குடுத்துட்டேன்" என்றேன். அதுவும் பொய்யில்லாத ஒரு வாக்கியம்.

பதினோராவது நாள் டிரைவரக்கா கட்டைப் பிரித்தார். அன்றைக்கே சித்தி இடது கையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு அசைவாகத் திரும்ப ஏற்றினாள். ஆட்டத்தையே மாற்றி, வலது மணிக்கட்டுக்கு வேலை குறைத்தாள். அந்தப் பதினோரு நாளும் அவளைப் பார்த்தால் ஆசிரியர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். வகுப்பு முடிந்து இறங்க முதல் படியில் கால் வைத்தவுடன் எதிர்ச்சாரியைப் பார்ப்பாள், எல்லாம் போய்விடும்.

போட்டி ஒரு ஞாயிறு மதியம். சித்தி இந்த முறை இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள், புதுப் புடவையில். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே இருந்த நடைபாதைக்கு அந்தப் பக்கம் நிழல். டிரைவரக்காவின் எண் வந்தது. மைக் பிடித்தவர் அவருடைய பெயரைப் படித்தார். சித்தி என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"தனிப் போட்டியாளர்" என்றார் மைக் பிடித்தவர்.

பிடி இறுகியது. அப்புறம் விட்டுவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் பார்த்தாள். நிழலும் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் பெயரைச் சொல்லவில்லையா என்று இரண்டு முகங்களும் கேட்டன.

டிரைவரக்கா நன்றாக ஆடினார். உச்சியிலிருந்து வழுக்கி ஒரு முழம் மேலே நின்றபோது கூட்டம் மூச்சைப் பிடித்தது. ஆனால் பாதங்களை நீட்ட மறந்துவிட்டார், பிரேக் மிதிக்கிற மாதிரி மடங்கியிருந்தன.

"பாதம்!" என்று சித்தி கத்தினாள்.

அதே நொடியில் நடைபாதைக்கு அந்தப் பக்கமிருந்தும், "பாதம்!"

டிரைவரக்கா பாதத்தை நீட்டினார். எந்தக் குரலுக்கு நீட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஏழு பேரில் நாலாவதாக வந்தார். எங்களிடம் வந்து, "நாளைக்கு எனக்கு அஞ்சு மணி வண்டி, வரட்டா டீச்சர்" என்று சித்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் பக்கம் போய் அவள் கையையும் குலுக்கினார். பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் சித்தி கேட்டாள். "காலியா விட்டது யாரு? அக்காவா, நீயா?"

"அக்கா சொன்னாங்க. விட்டது நான்." இதற்குமேல் பொய்யில்லாத வாக்கியம் எதுவும் கைவசம் இல்லை. அந்தச் சனிக்கிழமை நடந்ததை முழுவதும் சொன்னேன். வெளிச்சம், வீடியோ, நீட்டிய கை, நான் சொன்ன வார்த்தை.

சித்தி இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டாள்.

"அசிங்கமா இருக்கும்னா சொன்ன?"

"ஆமா சித்தி."

"தள்ளிப் பாக்குறது அசிங்கமா?"

நான் அழுதேன். அவள் என்னை அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, "இது அந்தப் பக்கம் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"தெரிய வேண்டாம்."

என் அழுகை அப்படியே நின்றது. இவ்வளவு நடந்தும் இவளுக்கு அந்தக் கணக்குத்தானா என்று பற்றிக்கொண்டு வந்தது. பேருந்தில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். அந்த ஆறு வரியை அழித்துவிட்டு, இரண்டு வரி எழுதிப் போட்டேன். கம்பத்தைத் தள்ளிப் பார்க்கவிடாமல் அன்று அவசரப்படுத்தியது நான், இந்த மேசையில் உட்கார்ந்திருப்பவள். எந்தத் துணியின் மேலும் பழி போடாதீர்கள்.

மறுநாள் காலைக்குள் அறுபத்துநான்கு பேர் கருத்து எழுதியிருந்தார்கள். பாதிப் பேர், "எங்கள் டீச்சரின் நேர்மையைப் பாருங்கள்." மீதிப் பேர், "ஒத்துக்கொண்டார்கள் பாருங்கள்." சண்டை மறுபடி முதலிலிருந்து, என் இரண்டு வரிக்குக் கீழேயே நடந்துகொண்டிருந்தது.

சித்தி நாலு நாள் என்னோடு நேராகப் பேசவில்லை. "டிகிரிகிட்ட சொல்லுங்க, ஸ்பிரிட் தீந்துபோச்சு" என்று வகுப்புக்கு வருகிற ஒரு பல் டாக்டரம்மாவைத் தூது விட்டாள். சிவப்புத் துணி மூன்றாவது கம்பத்தில் அப்படியே இருந்தது, அங்கேயும் அப்படியே இருந்திருக்கும். நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டேன். நேர்முகத்தில் முந்தைய அனுபவம் என்னவென்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் மாலை வகுப்புக்கு முன்னால் சித்தி என் மேசைக்கு வந்து நின்றாள்.

"நீ எழுதினதை அவ பாத்துட்டாளா?"

"பாத்தாச்சு. லைக்கும் போட்டிருக்கா. ஸ்டுடியோ கணக்குல இல்ல, அவ சொந்தக் கணக்குல."

"லைக்கா?" சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். போனை வாங்கி அந்தச் சின்ன அடையாளத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "எதுக்குப் போட்டிருப்பா? கிண்டலுக்கா, நெசமாவா?"

"எனக்கெப்படித் தெரியும் சித்தி?"

"புள்ளியியல் படிச்சியே."

"அதுல இதெல்லாம் இல்ல. அரை நிமிஷம் ஆகும், நீயே போய்க் கேளு."

சித்தி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். எதிர்ச்சாரியில் விளக்கு எரிந்தது. யாரோ ஜன்னலோரம் நிற்கிற மாதிரியும் இருந்தது, கம்பத்தின் நிழல் மாதிரியும் இருந்தது. சித்தி தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். ஒரு முறை செருப்பைக்கூடக் காலால் துழாவினாள். அப்புறம் திரும்பினாள்.

"நான் ஏன் போகணும்? லைக் போட்டது அவதானே. அவ வரட்டும்."